தருமபுரியில் மாற்றுத்திறனாளிகளுக்கு வேலை வழிகாட்டி நாள்: மண்டபம் பிடிக்கலாமா?

#1 பாலக்கோடு_தக்காளி

வணக்கம் மக்களே. பாலக்கோடு, காரிமங்கலம் பக்கத்துப் பசங்க கொஞ்சம் பேர் சேர்ந்து ரத்ததான முகாம், பன்னிரண்டாவது முடிச்ச பிள்ளைகளுக்கு மேற்படிப்பு வழிகாட்டல்னு ஏதாவது செஞ்சிட்டு வர்றோம். இந்த வருஷம் டிசம்பர் 3, உலக மாற்றுத்திறனாளிகள் நாளை ஒட்டி, மாற்றுத்திறனாளி இளைஞர்களுக்கு வேலை வழிகாட்டி நிகழ்ச்சி ஒண்ணு நடத்தலாம்னு இருக்கோம்.

திட்டம் இதுதான். தருமபுரி டவுன்ல ஒரு கல்யாண மண்டபம். 200 பேர். காலையில குத்துவிளக்கு, சிறப்பு விருந்தினர். அப்புறம் அஞ்சு பேர் பேச்சு: டிஎன்பிஎஸ்சி, வங்கித் தேர்வு, தனியார் வேலை, சுயதொழில், தன்னம்பிக்கை. மதியம் சாப்பாடு. வந்தவங்க எல்லாருக்கும் சான்றிதழ், ஒரு டிபன் பாக்ஸ். மண்டபத்துக்காரர் தெரிஞ்சவர், பாதி வாடகை போதும்னுட்டார்.

யார் யாரைப் பேசக் கூப்பிடலாம்? இளைஞர்களை எப்படிக் கண்டுபிடிக்கறது? ஏற்கனவே நடத்தினவங்க, கலந்துகிட்டவங்க சொல்லுங்க.

#2 மூணு_சக்கரம்

தம்பி, எண்ணம் நல்லது. பேச்சாளரைத் தேடறதுக்கு முன்னாடி அந்த மண்டபத்துல கழிப்பறை எங்க இருக்குன்னு போய்ப் பாருங்க.

நம்ம பக்கம் பாதி மண்டபத்துல ஹால் மாடியில, பந்தி கீழே. சாய்தளம் இருக்குங்கன்னு ஒண்ணைக் காட்டுவாங்க. அது காய்கறி மூட்டையும் கேஸ் சிலிண்டரும் இறக்கறதுக்குப் போட்டது. அதுல வீல்சேர் ஏத்தினா பின்னாடி கவிழும். ஒரு அடி உயரத்துக்கு 12 அடி நீளம் இருக்கணும், டேப் எடுத்துட்டுப் போங்க. கழிப்பறை வாசல்ல ஒரு படி, உள்ளே இந்தியன் டாய்லெட். மண்டபம் முழுக்க ஒரே ஒரு வெஸ்டர்ன் டாய்லெட் இருக்கும், அது மாடியில மணமகள் அறைக்குள்ள, சாவி மேனேஜர்கிட்ட. இது தெரிஞ்சதால எங்களை மாதிரி ஆளுங்க எந்த விழாவுக்குக் கிளம்பினாலும் முதல் நாள் ராத்திரியே தண்ணி குடிக்கறதைக் குறைச்சுடுவோம். நீங்க கொடுக்கிற சாப்பாட்டைப் பாதிப் பேர் தொட மாட்டாங்க. காரணம் ருசி இல்லை.

அடுத்தது மேடை. என்னை நாலு பேர் வண்டியோட தூக்கி மேடையில வெச்சு, சால்வை போட்டு, கை தட்டியிருக்காங்க. தூக்கும்போது ஒருத்தர் கை வழுக்கி என் கால் படியில இடிச்சதை யாரும் பார்க்கலை, போட்டோ எடுக்கறதுல இருந்தாங்க. நான் ஓசூர்ல ஒரு கம்பெனியில கணக்குப் பிரிவு. மாசம் 20-ம் தேதிக்குள்ள ஜிஎஸ்டி ரிட்டர்ன் போடற ஆளு. அதைப் பத்தி ஒருத்தர்கூட கேட்கலை. 'எப்படி சார் இவ்வளவு தைரியம்'னு மட்டும் கேட்டாங்க.

தன்னம்பிக்கைப் பேச்சை முதல்ல எடுத்துடுங்க. சிந்தல்பாடியிலிருந்து ரெண்டு பஸ் மாறி வந்து உட்கார்ந்திருக்கறவனுக்கு அது ஏற்கனவே இருக்கு.

#3 கேள்விக்குறி

கோவிச்சுக்காதீங்க, நேரா கேட்கறேன். மாவட்ட வேலைவாய்ப்பு மையம் தனியார் வேலைவாய்ப்பு முகாம் நடத்துது. மாற்றுத்திறனாளிகள் நலத்துறையும் தனியா முகாம் போடுது. திங்கட்கிழமை குறைதீர் நாள் கூட்டம் இருக்கு. இவ்வளவும் இருக்கறப்ப நீங்க புதுசா மண்டபம் பிடிச்சு என்ன செய்யப் போறீங்க? முகாமுக்கு வர்ற கம்பெனிக்காரங்க பயோடேட்டாவை வாங்கி வெச்சுக்கறாங்க, 'கூப்பிடறோம்'ங்கறாங்க. அதோட சரி. நல்லா இருக்கறவனே இன்ஜினியரிங் முடிச்சுட்டு டெலிவரி வண்டி ஓட்டறான். இதுல இவங்களுக்கு ஆசை காட்டி அனுப்பறது பாவமில்லையா?

#4 ராயக்கோட்டை_ரேடியோ

கேள்விக்குறி சொல்றதுல பாதி சரி. முகாமுல வேலை கொடுக்க வர்றாங்க, வேலைன்னா என்னன்னு சொல்லித்தர யாரும் வர்றதில்லை. அந்த இடம் காலியாத்தான் இருக்கு.

நான் முழுப் பார்வையின்மை உள்ளவள். வங்கியில கிளார்க். தேர்வுக்குப் படிச்சேன், எழுதினேன், பாஸ் பண்ணேன், அது வரைக்கும் வழி சொல்ல ஆள் இருந்தது. வேலையில சேர்ந்த அன்னைக்குத்தான் ஒண்ணும் புரியலை. எனக்குக் கொடுத்த கம்ப்யூட்டர்ல திரைவாசிப்பான் இல்லை, அதாவது திரையில இருக்கறதைக் குரல்ல படிச்சுச் சொல்ற மென்பொருள். மேனேஜர் நல்ல மனுஷன், 'நீ சும்மா உட்காரும்மா, போன் வந்தா எடு'ன்னார். அப்படியே விட்டிருந்தா ரிட்டயர்டு ஆகற வரைக்கும் போன்தான் எடுத்துட்டிருப்பேன்.

சேலம் பக்கம் ஒரு கிளையில வேலை பார்த்த பார்வையற்ற அண்ணன் ஒருத்தர் நம்பர் கிடைச்சது. ராத்திரி போன்ல அவர் சொல்லிக்கொடுத்தது எந்தப் பயிற்சி வகுப்பிலயும் கிடைக்காது. 'இந்த ஸ்கிரீன் படிக்கலை சார்னு பொதுவா சொல்லாதே, அப்படிச் சொன்னா உன்னால முடியலைன்னு அர்த்தமாயிடும். எந்த மெனு, எந்தக் கட்டத்துல கர்சர் நிக்குது, எங்கே போனதும் பேச்சு நின்னு போகுதுன்னு எழுதி ஐடி பிரிவுக்கு மெயில் போடு, மேனேஜருக்கு நகல் வை.' இது ஒண்ணு. 'கேஷ் கவுன்டர் கேட்டுச் சண்டை போடாதே, டெபாசிட் புதுப்பித்தல், கணக்குல நாமினி சேர்க்கறது, லோன் விண்ணப்பம் பதிவு பண்றது, இதையெல்லாம் நானே செய்றேன்னு கேட்டு வாங்கு' – இது இன்னொண்ணு. 'டீ குடிக்கப் போகும்போது கூடப் போ, அங்கதான் ஆபீஸ் நடக்குது'ன்னும் சொன்னார். கடைசியா சொன்னதுதான் ரொம்ப உதவிச்சு.

திரைவாசிப்பான் பத்தித் தெரியாதவங்களுக்கு: என்விடிஏன்னு ஒண்ணு இருக்கு. ஆஸ்திரேலியாவுல பார்வையற்ற ரெண்டு பேர், மைக்கேல் கரன், ஜேம்ஸ் டே, 2006-ல ஆரம்பிச்சது. இலவசம். தமிழும் வாசிக்கும். கம்பெனிக்கு ஒரு ரூபாய் செலவில்லை. இது தெரியாமலே 'அந்த வசதியெல்லாம் எங்ககிட்ட இல்லைங்க'ன்னு திருப்பி அனுப்பற முதலாளிங்க நிறைய.

அமெரிக்காவுல அக்டோபர் மாசத்தை மாற்றுத்திறனாளிகள் வேலைவாய்ப்பு விழிப்புணர்வு மாசம்னு வெச்சிருக்காங்க. 1945-ல ஒரு வாரம்னு ஆரம்பிச்சு 1988-ல மாசமாச்சு. அந்த மாசத்துல வழிகாட்டி நாள்னு ஒண்ணு, 1999-லேர்ந்து. பேச்சுக்கு அதுல பெரிய இடமில்லை. வேலை தேடற ஒருத்தர், வேலையில இருக்கற ஒருத்தரோட அவர் ஆபீசுக்கே போய் அன்னைக்கு முழுக்கக் கூடவே இருந்து பார்க்கறார். அவ்வளவுதான். அந்த மாதிரி 15 ஜோடி போட முடியுமா பாருங்க. மண்டப வாடகையை ஆட்டோவுக்கும் காருக்கும் செலவழிங்க.

#5 பாலக்கோடு_தக்காளி

அக்கா, கேட்க நல்லா இருக்கு. ஆனா 200 எங்கே, 15 எங்கே? ஸ்பான்சர் பண்ற கடைக்காரங்க பேனர்ல பேர் போடணும்பாங்க, போட்டோ கேட்பாங்க. 15 பேரும் ஆளுக்கொரு இடத்துல இருந்தா எதைக் காட்டறது?

#6 சிப்காட்_ஷிப்ட்பி

ஓசூர் சிப்காட் தொழிற்பேட்டையில வாகன உதிரிபாகம் செய்ற கம்பெனியில எச்ஆர்ல இருக்கேன். எங்க பக்கத்துலேர்ந்து சில விஷயம்.

போட்டோவை மறந்துடுங்க. பல தொழிற்சாலையில கேட்லயே போனை வாங்கி வெச்சுடுவோம்.

ஒரு கம்பெனிக்கு மூணு பேர், மிஞ்சினா நாலு பேர். 40 பேரைக் கூட்டிட்டு வந்தா அது பள்ளிக்கூடச் சுற்றுலாவாயிடும், யாரும் எதையும் கத்துக்க மாட்டாங்க. மாசக் கடைசி வாரம் வேண்டவே வேண்டாம், டிஸ்பாட்ச் நெருக்கடியில சூப்பர்வைசர் யாரையும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். பத்து நாள் முன்னாடி கடிதம் கொடுங்க. அதுல பேர், வயசு, படிப்பு, என்ன மாதிரி குறைபாடு, என்ன வசதி வேணும்னு ஒவ்வொருத்தருக்கும் ஒரு வரி எழுதுங்க. கால்ல காலிபர், அதான் தாங்கு கம்பி, போட்டவருக்கு எங்க சேஃப்டி ஷூ சேராது, முன்கூட்டியே தெரிஞ்சா நடக்கற பாதையைத் தனியா ஏற்பாடு பண்ணுவோம். ஹால்ல வந்து 'எல்லாருக்கும் வேலை உண்டு'ன்னு மைக்ல யாரையும் சொல்ல விடாதீங்க. அப்படிச் சொல்ற அதிகாரம் எனக்கே கிடையாது.

எங்க லைன்ல காது கேளாத பசங்க வேலை பார்க்கறாங்க. மேனேஜ்மென்ட் முதல்ல பயந்தது ஃபோர்க்லிஃப்ட்டுக்கு. ஹாரன் அடிச்சா கேட்காதேன்னு. இப்போ ஃபோர்க்லிஃப்ட் முன்னாடி தரையில நீல விளக்கு விழற மாதிரி வெச்சாச்சு, வண்டி திரும்பறதுக்கு முன்னாடியே வெளிச்சம் வந்துடும். அதனால காது கேட்கறவங்களுக்கும் பாதுகாப்பு கூடிடுச்சு. இரைச்சல்ல எங்களுக்கு மட்டும் ஹாரன் கேட்குதா என்ன?

இதெல்லாம் நம்ம ஊருக்குப் புதுசும் இல்லை. டைட்டன் ஓசூர்ல கடிகார ஆலை ஆரம்பிச்ச காலத்திலேயே மாற்றுத்திறனாளிகளை உற்பத்தியில சேர்த்தது. அந்தப் பழக்கம் சுத்தி இருக்கற சின்னக் கம்பெனிகளுக்குப் பரவ இவ்வளவு வருஷம் ஆகியிருக்கக் கூடாது. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டப்படி ஒவ்வொரு நிறுவனமும் சம வாய்ப்புக் கொள்கை வெளியிடணும். 20 பேரோ அதுக்கு மேலயோ வேலை செய்ற தனியார் நிறுவனம்னா எந்தப் பணி, என்ன வசதின்னு விவரமாவே அதுல எழுதணும். கடிதம் கொடுக்கும்போது 'உங்க சம வாய்ப்புக் கொள்கையின் நகல் கிடைக்குமா'ன்னு மரியாதையா ஒரு வரி சேர்த்துப் பாருங்க. பதில் வேகமா வரும்.

#7 கேள்விக்குறி

எல்லாம் ஓசூர் கதையாவே இருக்கே. இழைக்குத் தலைப்பு தருமபுரி. பென்னாகரத்துக்காரனை வண்டி வெச்சு ஓசூர் கூட்டிட்டுப் போய்க் காட்டிட்டா அடுத்த நாள் அவன் எங்க போவான்? அங்க ரூம் எடுத்துத் தங்கி, மூணாவது மாடியில லிஃப்ட் இல்லாத வீட்டுல ஏறி இறங்கி, ஷிப்ட் பஸ் பிடிச்சு… நடக்கற காரியமா? ஊர்லயே என்ன வேலை இருக்குன்னு பேசுங்க.

#8 தொப்பூர்_கணவாய்

இதுக்கு நான் பேசணும்.

நான் லாரி ஓட்டினவன். தொப்பூர் இறக்கத்துல பிரேக் பிடிக்காம போன வண்டி முன்னாடி வந்து, என் வண்டி கவிழ்ந்து, முதுகெலும்பு போச்சு. அப்போ வயசு முப்பதைத் தாண்டியிருந்தது, கல்யாணம் ஆகி குழந்தை இருந்தது. நீங்க எல்லாரும் 'மாற்றுத்திறனாளி இளைஞர்'னு எழுதறீங்க. காலேஜ் முடிச்ச பையனை மட்டும் மனசுல வெச்சுப் பேசறீங்க. 44-ம் நம்பர் தேசிய நெடுஞ்சாலை தருமபுரி, கிருஷ்ணகிரி ரெண்டு மாவட்டத்தையும் கிழிச்சுட்டுப் போகுது, கிருஷ்ணகிரி பக்கம் கிரானைட் குவாரி இருக்கு. நடுவயசுல இடுப்புக்குக் கீழே உணர்வு போனவன் ஊருக்கு ஒருத்தன் கிடைப்பான். அவன் ஏற்கனவே ஒரு தொழில் தெரிஞ்சவன். அந்தத் தொழில் போச்சு. 'அடுத்து என்ன'ன்னு அவனுக்குச் சொல்ல யாரும் இல்லை. அரசு வேலையில இருந்தா 2016 சட்டத்துல பாதுகாப்பு இருக்கு: பணியில இருக்கும்போது உடல் பாதிக்கப்பட்டா வேலையை விட்டு எடுக்கக் கூடாது, பதவி இறக்கக் கூடாது, செய்யற வேலைக்கு மாத்தி அதே சம்பளம் கொடுக்கணும். லாரி கிளீனருக்கும் குவாரிக் கூலிக்கும் அது கிடையாது.

இன்னொரு கூட்டத்தையும் மறந்துட்டீங்க. நம்ம ரெண்டு மாவட்டத்துலயும் போர்த் தண்ணியில ஃபுளோரைடு. பல்லுல பழுப்புக் கறையோட நிக்கலை, எலும்புக்கும் போச்சு. ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர்த் திட்டமே ஃபுளோரோசிஸ் பாதிப்பைக் குறைக்கத்தான் ஜப்பான் கடன்ல கட்டினது, 2013-ல தண்ணி வந்தது. அதுக்கு முன்னாடி வருஷக்கணக்கா போர்த் தண்ணி குடிச்சவங்க மூட்டு மடங்காம, முதுகு நிமிராம இருக்காங்க. களை எடுக்கக் குனிய முடியாது, செங்கல் சூளைக்குப் போக முடியாது. அவங்களுக்கு உட்கார்ந்து செய்ற வேலை ஒண்ணு காட்டணும்.

நான் இப்போ வீட்டு முன்னாடி இ-சேவை, ஜெராக்ஸ், ரீசார்ஜ் வெச்சிருக்கேன். வருமானச் சான்று, பட்டா நகல், ஸ்காலர்ஷிப் விண்ணப்பம்னு ஆள் வந்துட்டே இருப்பாங்க, ஜூன் மாசம் சாப்பிட நேரம் இருக்காது. மேசை உயரத்தை வண்டிக்குத் தகுந்த மாதிரி 30 அங்குலத்துக்கு வெச்சுக்கிட்டேன், அடியில கால் பலகை போக இடம் விட்டேன். கைரேகை மெஷினை வாடிக்கையாளர் பக்கம் இழுக்கற டிராயர்ல போட்டேன். இப்படிப் பார்த்துப் பழக ரெண்டு பேரை என்கிட்ட அனுப்புங்க. ஒரு நாள் போதாது, ஒரு வாரம் அனுப்புங்க. கேள்விக்குறி சார், இது ஊர்ல இருக்கற வேலைதானே?

#9 கேள்விக்குறி

சரிங்க. இது கணக்குல வருது.

#10 அரூர்_அம்மா

நான் இதுல எழுதறது முதல் தடவை. என் பெண்ணுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. பி.காம் முடிச்சிருக்கா. டைப்பிங்கும் பாஸ் பண்ணியிருக்கா. வீட்டுல எங்க பேச்சு அவளுக்குப் புரியும், கையால காட்டினா புரிஞ்சுப்பா. வெளியில போனா எழுதிக் காட்டணும்.

அவங்கப்பா வேலைக்கு அனுப்பவே வேண்டாம்கிறார். ராத்திரி பஸ் தப்பிச்சுட்டா போன்ல பேச முடியாதே, யாரைக் கேட்பாங்கறார். மாசாமாசம் வர்ற உதவித்தொகை வேலைக்குப் போனா நின்னுடும், வேலையும் நிலைக்கலைன்னா ரெண்டும் போயிடும்னு பக்கத்து வீட்டுல சொல்லி வெச்சிருக்காங்க. இதுக்கெல்லாம் மண்டபத்துல யாராவது பதில் சொல்வாங்களா? பிள்ளைங்களைக் கூப்பிடறீங்க, எங்களைக் கூப்பிடுவீங்களா?

#11 வளமைய_டீச்சர்

அரூர் அம்மா, நீங்க கேட்டதுதான் சரியான கேள்வி. நான் வட்டார வள மையத்துல சிறப்பாசிரியர். வீடு வீடா போறவள். பிள்ளைங்க தயாராத்தான் இருக்காங்க. பல நேரம் கதவு வீட்டுக்குள்ளேர்ந்துதான் தாழ் போட்டிருக்கு. அதுக்குக் காரணமும் இருக்கு, பயப்படாம இருக்க இந்த ஊர்ல எந்த ஏற்பாடும் இல்லையே.

உதவித்தொகை விஷயம்: வருவாய்த் துறை ஓய்வூதியம் வேற, நலத்துறை கொடுக்கிற பராமரிப்புத் தொகை வேற, வேலையில்லாதவங்களுக்கான உதவித்தொகை வேற. நிபந்தனையும் வேற வேற. எது நிக்கும், எது நிக்காதுன்னு பக்கத்து வீட்டுல கேட்காதீங்க. நிகழ்ச்சியில மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துலேர்ந்து ஒருத்தரை மேடையில ஏத்தாம, ஒரு மேசை போட்டு உட்கார வைங்க. ஒவ்வொரு குடும்பமும் தன் அட்டையைக் காட்டிக் கேட்டுக்கட்டும். அந்த ஒரு மேசைக்கே பாதிக் கூட்டம் வரும்.

இளைஞர்களை எப்படிக் கண்டுபிடிக்கறதுன்னு கேட்டிருந்தீங்க. பெயர், நம்பர் எல்லாம் எங்களால வெளியே தர முடியாது, தரவும் கூடாது. நீங்க ஒரு பக்கத்துல துண்டறிக்கை அடிச்சுக் கொடுங்க, நாங்க வீட்டுல சேர்க்கறோம். விருப்பம் உள்ளவங்க உங்களைக் கூப்பிடுவாங்க. வாட்ஸாப்ல பேசி அனுப்பற ஆடியோவும் ஒண்ணு வேணும், பார்வையில்லாதவங்களுக்கும் எழுத்து வராத பெற்றோருக்கும். தளி, அஞ்செட்டி பக்கம்னா தெலுங்கு, கன்னடத்துலயும் பேசிடுங்க.

சைகை மொழிபெயர்ப்பாளர் இல்லாம காது கேளாதவங்களைக் கூப்பிடாதீங்க, சும்மா உட்கார வைக்கறது அவமானம். ஒருத்தர் போதாது, ரெண்டு பேர் வேணும். 20 நிமிஷம், அரை மணிக்கு ஒருத்தர் மாறணும், தொடர்ந்து செய்தா கையும் மூளையும் களைச்சுடும். இன்னொரு சிக்கல், அரூர் அம்மா சொன்ன மாதிரி வீட்டுச் சைகை மட்டும் தெரிஞ்ச பிள்ளைங்க இருக்காங்க. இந்தியச் சைகை மொழி அவங்களுக்குப் பழக்கம் இல்லை. அப்போ மொழிபெயர்ப்பாளர் பக்கத்துல காது கேளாத வழிகாட்டி ஒருத்தரே இருந்தா அவர் எப்படியாவது புரிய வெச்சுடுவார். அவங்களுக்குள்ள அந்த வித்தை இருக்கு, நான் பக்கத்துல நின்னு பார்த்திருக்கேன்.

அறிவுசார் குறைபாடு உள்ளவங்களைப் பத்தி இதுவரைக்கும் யாரும் எழுதலை, வழக்கம்போல. எங்க பழைய மாணவன் ஒருத்தன் மாம்பழக் கூழ் ஃபேக்டரியில சீசனுக்குப் போறான். பழத்தை நிறம் பார்த்துப் பிரிக்கற வேலை. மத்தவங்க ரெண்டு மணி நேரத்துல சலிச்சுப் போற வேலை, அவன் சலிக்க மாட்டான். ஆனா 'இன்னைக்குச் செங்காயையும் சேர்த்துப் போடு'ன்னு விதி மாறினா குழம்பிடுவான். முதல் ரெண்டு வாரம் அவன் அம்மாவே பக்கத்துல நின்னாங்க. இவங்களுக்கு வழிகாட்டின்னா இப்படிக் கூட நிக்கற ஆள்தான்.

அப்புறம், ராயக்கோட்டை அக்கா மண்டபமே வேண்டாம்கிறாங்க. எனக்கு அதுல உடன்பாடு இல்லை. அரூர் அம்மா பொண்ணு இதுவரைக்கும் சம்பளம் வாங்கற காது கேளாத பெண் ஒருத்தரைப் பார்த்திருக்க மாட்டா. அவங்கப்பாவும் பார்த்திருக்க மாட்டார். அவரை ஃபேக்டரிக்குக் கூப்பிட்டா வர மாட்டார், மண்டபத்துல சாப்பாடுன்னா வருவார். வரட்டுமே. ஒரு அரை நாள் கூட்டம் வேணும்.

#12 ராயக்கோட்டை_ரேடியோ

டீச்சர் சொல்றது பெற்றோருக்குச் சரி. ஆனா கூட்டம்னு ஒண்ணு வெச்சா அதுதான் நிகழ்ச்சியாகும், மிச்சம் எல்லாம் 'அப்புறம் பார்த்துக்கலாம்'ல போகும். எத்தனை பார்த்தாச்சு. அதனால வேலை இடத்துக்குப் போற நாள் முதல்ல நடக்கட்டும். கூட்டம் அதுக்குப் பிறகு வைங்க, போய்ப் பார்த்தவங்களே வந்து பேசட்டும். சிறப்பு விருந்தினருக்கு அங்க வேலை இருக்காது.

பெண்பிள்ளைக்குப் பெண் வழிகாட்டி. இதுல விட்டுக்கொடுக்கக் கூடாது.

#13 மூணு_சக்கரம்

வழிகாட்டியா வர்றவங்களும் பெரும்பாலும் மாற்றுத்திறனாளிகளாத்தான் இருக்கணும், அவங்களுக்கு அன்னைக்கு லீவு வாங்கித்தர உங்க பேர்ல ஒரு கடிதம் வேணும். 'சேவைதானே'ன்னு பெட்ரோல் காசுகூடக் கொடுக்காம கூப்பிடாதீங்க. டவுன் பஸ்ல மாற்றுத்திறனாளிக்கும் துணைக்கு வர்றவருக்கும் 2021-லேர்ந்து டிக்கெட் இல்லை, நல்லது. ஆனா ஓசூர் வரைக்கும் டவுன் பஸ் வராது, வர்ற பஸ்ல படி முட்டி உயரம். என் மாதிரி ஆளுக்கு அரசு கொடுத்த இணைப்புச் சக்கர ஸ்கூட்டர்தான் கால். அதை வெச்சு ராயக்கோட்டை ரோட்டுல வர்றதுக்குள்ள இடுப்பு கழண்டுடும்.

என்கிட்ட ஒருத்தரை அனுப்புங்க, பி.காம் படிச்சவங்களா இருந்தா நல்லது. அரூர் அம்மா பொண்ணையே அனுப்பலாம்னு பார்த்தேன், ராயக்கோட்டை அக்கா சட்டம் போட்டுட்டாங்க. எங்க பிரிவுல ஒரு மேடம் இருக்காங்க, அவங்க பக்கத்துல உட்காரட்டும். டாலிங்கற கணக்கு மென்பொருள்ல பில் பதிவு பண்றதுக்குக் காது தேவையில்லை, மெயிலும் சாட்டும்தான் இப்போ ஆபீஸ்.

#14 கேள்விக்குறி

நான் டவுன்ல குரூப் 4 வகுப்பு எடுக்கறவன், அதனாலதான் ஆரம்பத்துல அப்படிக் கேட்டேன். எங்ககிட்ட வர்ற மாற்றுத்திறனாளிகள் விண்ணப்பத்துலயே கோட்டை விடறாங்க. 4 சதவீத ஒதுக்கீடுன்னு எல்லாருக்கும் தெரியும், அது நாலா பிரியும்னு தெரியாது. பார்வைக்கு 1, செவித்திறனுக்கு 1, கை கால் இயக்கக் குறைபாடு வகைக்கு 1, ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, கற்றல் குறைபாடு, மனநோய், பல்வகைக் குறைபாடு எல்லாத்துக்கும் சேர்த்து 1. அறிவிக்கையில எந்தப் பதவி எந்த வகைக்குன்னு ஒரு பட்டியல் இருக்கும், அதைப் பார்க்காமலே விண்ணப்பிக்கறாங்க. குறைபாடு 40 சதவீதமாவது இருந்தாத்தான் ஒதுக்கீடு. தேர்வுக் கட்டணம் கிடையாது, அது தெரியாம கட்டினவங்களும் உண்டு. சொல்வதை எழுதுபவர் வேணும்னா விண்ணப்பத்துலயே குறிக்கணும். தேர்வு அன்னைக்குப் போய்க் கேட்டா கண்காணிப்பாளர் கையை விரிப்பார். மணிக்கு 20 நிமிஷம் கூடுதல் நேரம் உண்டு. அதை வெச்சு மாதிரித் தேர்வு எழுதிப் பழகினவங்க ரொம்பக் குறைவு.

இதுக்குப் பேச்சு வேண்டாம். நாலு கம்ப்யூட்டர் கொடுங்க, வர்றவங்களை வெச்சு டிஎன்பிஎஸ்சி ஒருமுறைப் பதிவை அங்கேயே பண்ணிக் கொடுத்துடறேன். காசு வேண்டாம். ஆனா ஒரு கேள்வி மறுபடியும்: அந்த நாள் முடிஞ்ச பிறகு யார் பொறுப்பு? எனக்குப் பதில் வரலை.

#15 பாலக்கோடு_தக்காளி

எல்லாத்தையும் பசங்களோட உட்கார்ந்து படிச்சோம். குத்துவிளக்கு, சிறப்பு விருந்தினர், டிபன் பாக்ஸ் மூணும் போச்சு. ஸ்பான்சர்ல ஒருத்தர் முகம் சுளிச்சார், இன்னொருத்தர் 'அப்போ அந்தக் காசுக்கு ரெண்டு கார் டீசல் நான் போடறேன்'னுட்டார்.

டிசம்பர் 3 அன்னைக்கு எல்லா இடத்துலயும் விழா இருக்கும், அலுவலர் யாரும் கிடைக்க மாட்டாங்க. அதனால நவம்பர் ரெண்டாவது வாரம் வேலை இடத்துக்குப் போற நாள். இப்போதைக்கு 12 ஜோடி. சிப்காட் அண்ணன் கம்பெனியில மூணு, மூணு சக்கரம் அண்ணன் ஆபீஸ்ல ஒண்ணு, தொப்பூர் அண்ணன்கிட்ட ரெண்டு பேர் ஒரு வாரத்துக்கு. மிச்சத்துக்கு ஒரு பிரஸ், ஒரு தையல் யூனிட், செல்போன் சர்வீஸ் கடை பேசிட்டிருக்கோம். வங்கி பத்தி ராயக்கோட்டை அக்கா மேலிடத்துல கேட்டுச் சொல்றேன்னாங்க. அறிவுசார் குறைபாடு உள்ளவங்களுக்கு இன்னும் இடம் கிடைக்கலை, மாம்பழ சீசனும் இல்லை. டீச்சர், யோசனை இருந்தா சொல்லுங்க.

பெற்றோர் கூட்டம் அதுக்கு அடுத்த வாரம் ஞாயித்துக்கிழமை. மண்டபத்துக்கு டேப் எடுத்துட்டுப் போனோம். சாய்தளம் 3 அடி உயரத்துக்கு 11 அடிதான் இருக்கு. அதனால மண்டபம் இல்லை. தரைத்தளத்துல வகுப்பறையும் சரியான கழிப்பறையும் உள்ள ஒரு பள்ளியில கேட்டிருக்கோம்.

கேள்விக்குறி சார், பொறுப்புக்கு: எங்க பசங்கள்ல ஒருத்தன் ரெண்டு ஜோடிக்கு. மாசம் ஒரு தடவை ரெண்டு பக்கமும் போன் பண்ணுவான், ஆறு மாசத்துக்கு. அதுக்கு மேல எங்களால வாக்கு கொடுக்க முடியாது.

#16 வளமைய_டீச்சர்

கோழிப் பண்ணையில முட்டை தட்டு அடுக்கற வேலை, நர்சரியில பாக்கெட்டுக்கு மண் போடற வேலை கேட்டுப் பாருங்க. நர்சரி நல்லா ஒத்துவரும். தெரிஞ்ச இடம் காரிமங்கலம் பக்கம் இருக்கு, தனியா நம்பர் அனுப்பறேன்.

#17 அரூர்_அம்மா

அவங்கப்பாகிட்ட காட்டினேன். அந்த மேடம் பக்கத்துல உட்கார வைக்கறாங்கன்னா சரி, நானும் கூட வருவேன், ஆபீஸ் வாசல்ல உட்கார்ந்துக்கறேன்னார். அது ஆகுமா?

#18 மூணு_சக்கரம்

வாசல்ல ஏங்க, ரிசப்ஷன்ல சேர் இருக்கு. காபியும் கொடுப்பாங்க. வரச் சொல்லுங்க. மதியம் சாப்பாடு கேன்டீன்ல, பொண்ணு எங்களோட சாப்பிடட்டும், அப்பா தனியா சாப்பிடட்டும். அது மட்டும் இப்பவே சொல்லிடுங்க.

#19 மொரப்பூர்_ஜங்ஷன்

எனக்கு வேலை வழிகாட்டல் எல்லாம் தெரியாது, ஆம்னி வண்டி இருக்கு. அரூர்லேர்ந்து மொரப்பூர் வழியா தருமபுரி வரைக்கும் காலையில ஆறு மணிக்கு நான் ஏத்திட்டு வர்றேன், அங்கேர்ந்து ஓசூருக்கு உங்க கார் மாத்திக்கோங்க. வர்றவங்கள்ல வீல்சேர் இருக்கறவங்க எத்தனை பேர், மடிக்கற வகையா, பேட்டரி வண்டியான்னு கேட்டுச் சொல்லுங்க. மடிக்கற வண்டின்னா ரெண்டு ஏறும். பேட்டரி வண்டின்னா பின் சீட்டைக் கழட்டணும், அதுக்கு முதல் நாளே தெரியணும்.

#20 பாலக்கோடு_தக்காளி

அரூர் பக்கம் இதுவரைக்கும் நாலு பேர். ஒருத்தருக்கு மடிக்கற வண்டி. இன்னொருத்தர் என்ன வண்டின்னு நாளைக்குக் கேட்டுட்டு இங்கேயே போடறேன் அண்ணா.